நரம்பு தேடும் விரல்கள்

இரவு இரண்டு மணி. பாயில் படுத்திருக்கும் சிறுவன் எழாமலே கூப்பிடுகிறான்.

"எம்மா, வருது."

அம்மா விளக்கைப் போடுகிறாள். வலது முழங்காலில் வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. தொட்டால் சூடும் இல்லை. அவன் உள்ளங்கை மட்டும் முழங்காலைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளே ஒரு குறுகுறுப்பு. வீங்குவதற்கு முன்னால் அது வரும். ஒன்பது வயதுப் பையனுக்கு அது நன்றாகத் தெரியும். அம்மா மறுகேள்வி கேட்பதில்லை.

ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டுகள் எப்போதும் நிறைந்திருக்கின்றன. கட்டிகளைத் தட்டித் துண்டில் சுற்றுகிறாள். காலுக்கு அடியில் ஒரு தலையணை. அதற்கும் அடியில் இன்னொன்று. கடிகாரத்தைப் பார்க்கிறாள். இருபது நிமிடம் வைக்கிறாள். எடுக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைக்கிறாள்.

அப்பா கட்டைப்பையை எடுக்கிறார். ஓபி சீட்டு. நோட்டு. மாற்றுத் துணி. தண்ணீர்ப் பாட்டில். பையனின் செருப்பில் ஒரு கால் மட்டும் பைக்குள் போகிறது. மற்றதை இடது காலில் அவனே மாட்டிக்கொள்கிறான்.

*

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு முதல் பஸ். கண்டக்டர் எதுவும் கேட்காமல் மூன்று பேர் சீட்டைக் காட்டுகிறார். அங்கே கால் நீட்டலாம்.

தேவர்குளம் வரும்போது முழங்கால் சில்லின் இரு பக்கக் குழிகளும் மறைந்துவிட்டன. தோலுக்கு வெளியே ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. எல்லாம் மூட்டுக்குள்ளே. பையன் விளையாடவில்லை. விழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

மானூரில் ஏறும் ஒரு பெரியம்மா, அம்மாவின் மடியையும் அதில் கிடக்கும் பையனின் நீளத்தையும் பார்க்கிறாள்.

"இம்புட்டுப் பெரிய பயல மடியில போட்டிருக்கியே தாயி. நடக்க மாட்டானா?"

"நடப்பான் பெரியம்மா."

அம்மா துண்டைச் சரிசெய்கிறாள். பெரியம்மா கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பையன் கையில் வைக்கிறாள்.

ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ். சுலோசன முதலியார் பாலம். கீழே தாமிரபரணி. பையன் தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்க்கிறான். நீச்சல் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட விளையாட்டு. தண்ணீரில் மூட்டின் மேல் பாரம் இல்லை. தொடைத் தசை பலப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவனைக் குறுக்குத்துறைக்குக் கூட்டி வருகிறார். இந்த ஞாயிறு முடியாது. அவன் அதைக் கேட்கவும் இல்லை.

*

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. ஓர் அறை. இரண்டு கட்டில்கள். ஒரு ஃபிரிட்ஜ். அதன் கதவில் ஒட்டிய தாளில் காலை வெப்பம், மாலை வெப்பம். 2 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 8க்கு மேலே ஏறக் கூடாது.

சிஸ்டர் பையனை எடை இயந்திரத்தில் நிறுத்தவில்லை. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். பிறகு தனியாக ஏறுகிறாள். கழித்தால் 24 கிலோ. கிலோவுக்கு 20 யூனிட். 500 யூனிட் குப்பி ஒன்று போதும்.

இரண்டு சிறு குப்பிகள். ஒன்றில் வெள்ளைப் பொடி. ஒன்றில் தண்ணீர். சிஸ்டர் அவற்றை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் குளிர் போக்குகிறாள். தண்ணீரைப் பொடிக்குள் இறக்குகிறாள். குலுக்குவதில்லை, குலுக்கினால் நுரை கட்டும். மெல்லச் சுழற்றுகிறாள். பொடி கரைகிறது. ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளுக்கு எண்கள் உண்டு. பையன் உடம்பில் குறைவது 8ஆம் எண். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கட்டிடத்தில் அதன் பெயர் ஃபேக்டர் எட்டு. சில பிள்ளைகளுக்கு ஒன்பது.

பையன் இடது கையை நீட்டுகிறான்.

"போன தடவ இங்க போட்டீங்க சிஸ்டர். இன்னைக்கு இதுல போடுங்க."

புறங்கையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறான். சிஸ்டர் அந்த இடத்திலேயே போடுகிறாள். மெல்லிய குழாயில் ரத்தம் ஏறி நிற்கிறது. மருந்து இறங்குகிறது. ஊசியை எடுத்ததும் பஞ்சை அவனே அழுத்திக்கொள்கிறான். ஐந்து நிமிடம். யாரும் நினைவுபடுத்தவில்லை.

போட்ட மருந்தில் பாதி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாளையும் அதே பஸ்.

சிஸ்டர் காலிக் குப்பியின் லேபிளை உரித்து அம்மாவிடம் நீட்டுகிறாள். அம்மா நோட்டைத் திறந்து ஒட்டுகிறாள்.

*

நோட்டு, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. அட்டையில் பையனின் பெயர், ரத்த வகை, நோயின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு வரி: தசையில் ஊசி போடக் கூடாது. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

உள்ளே அம்மா அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள். தேதி. இடம். யூனிட். லேபிள். கொடுத்தவர்.

வலது முழங்கால். வலது முழங்கால். இடது கணுக்கால். பல் விழுந்தது. வலது முழங்கால். ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் கசிந்தால் உள்சவ்வு தடிக்கிறது. தடித்த சவ்வு இன்னும் எளிதில் கசிகிறது. குருத்தெலும்பு தேய்கிறது. நோட்டில் அது வெறும் "வ.மு." என்று சுருங்கியிருக்கிறது.

ஒரு பக்கத்தில் தீபாவளித் தேதி. ஒரு பக்கத்தில் அரைப்பரீட்சையின் மூன்று நாட்கள். பின்னட்டைக்குள் பள்ளித் தலைமையாசிரியருக்கு டாக்டர் எழுதிய கடிதத்தின் நகல். பி.டி. பீரியடில் பையன் ஸ்கோர் எழுதுகிறான். அந்த ஸ்கோர் தாள் ஒன்றும் நோட்டுக்குள் மடித்துக் கிடக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

"கொடுத்தவர்" கட்டத்தில் எப்போதும் சிஸ்டர்களின் கையெழுத்து.

*

அறைக்கு வெளியே பெஞ்ச். சுவரோரம் ஒரு கைத்தடி, ஒரு ஊன்றுகோல், ஒரு சைக்கிள் ஹெல்மெட். ஹெல்மெட் இரண்டு வயதுக் குழந்தையுடையது. அது வீட்டுக்குள் நடக்கும்போதும் போட்டுக்கொள்கிறது. அதன் கால்சட்டை முழங்கால்களில் பழைய போர்வைத் துண்டுகள் தைக்கப்பட்டிருக்கின்றன. தையல் நெருக்கமாக இருக்கிறது.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கடைசியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இயற்பியல் புத்தகம். புதிதாக வந்தவர்கள் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"தம்பிக்குக் கூட வந்தியாம்மா?"

"எனக்குத்தான்."

அவளுக்கு வான் வில்லிபிராண்ட் நோய். 1926இல் பின்லாந்து மருத்துவர் ஒருவர், ஆலண்ட் தீவுகளின் ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதிவைத்த நோய். அந்தக் குடும்பத்தில் பெண்களும் ரத்தம் வடிந்தே இறந்தார்கள். இது ஆண் பெண் பார்ப்பதில்லை. அதன் கடுமையான வகை, இரு பக்கமும் ஒரே குறை சேரும்போது வருகிறது. அவள் அம்மாவைக் கட்டியவர் அம்மாவின் சொந்தத் தாய்மாமன். மாதத்தில் சில நாட்கள் அவள் பள்ளிக்குப் போவதில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நேரே "காய்ச்சல்". புத்தகத்தில் மின்னோட்டம் பாடம் திறந்திருக்கிறது. சிவப்பு மையில் அடிக்கோடுகள்.

அண்ணாச்சி வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர். இந்த பெஞ்சுக்கு வருகிறவர்களில் அந்த வயது அவருக்கு மட்டும்தான். வலது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறார். ஊரில் யார் வீட்டில் இந்தக் குறையோடு குழந்தை பிறந்தாலும் அவர் எண்ணுக்கு அழைப்பு வருகிறது.

அவர் சிறுவயதில் குப்பியும் பொடியும் கிடையாது. உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கினால் அடியில் தங்கும் வண்டல்தான் மருந்து. அதற்குப் பெயர் கிரையோ. 1964இல் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கண்டறிந்தது. ஒரு தடவைக்குப் பல பேர் கொடுத்த ரத்தம் வேண்டும். அந்தப் பைகளில் ஏதோ ஒன்றிலிருந்து சி வகைக் கல்லீரல் கிருமியும் அண்ணாச்சிக்கு வந்தது. பிற்பாடு மாத்திரையில் போனது. மஞ்சள் ஃபைல் ஒன்றை அவர் இன்னும் கொண்டுவருகிறார்.

"கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தான்," என்கிறார் ஹெல்மெட் குழந்தையின் அப்பாவிடம். வலது நெற்றிக்கு மேலே தொட்டுக் காட்டுகிறார். "அவனுக்கு இங்க."

குழந்தையின் அப்பா ஹெல்மெட் வாரைச் சரிபார்க்கிறார்.

*

இன்னொரு நாள். டாக்டர் அறை. சிறுவனின் அக்கா, பத்தாம் வகுப்பு, பள்ளிச் சீருடையிலேயே வந்திருக்கிறாள். இன்றைக்கு ரத்தம் எடுப்பது அவளுக்கு.

டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். இரண்டு எக்ஸ், ஒன்றின் மேல் ஒரு புள்ளி. பக்கத்தில் ஓர் எக்ஸ், ஓர் ஒய். கோடுகள் இறங்குகின்றன. புள்ளியுள்ள எக்ஸ் மகனுக்குப் போனால் நோய். மகளுக்குப் போனால் பெரும்பாலும் சுமப்பவள். சிலருக்கு அவர்கள் ரத்தத்திலும் அளவு குறையும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் இதற்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை, புதிதாக ஆரம்பிக்கிறது.

"எங்க வீட்ல இருந்தது," என்கிறாள் ஆச்சி. அம்மாவைப் பெற்றவள். இதுவரை வாய் திறக்காதவள்.

"என் தம்பி. காது குத்துனோம். நிக்கல. துணி மாத்தி மாத்தி வச்சோம். சாமி குத்தம்னாங்க. கெடா வெட்டுனோம்."

ஆச்சி சீட்டிலுள்ள புள்ளியைப் பார்க்கிறாள். டாக்டரின் பேனா நிற்கிறது.

அம்மா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டுக்கொள்கிறார். தரையில் கிறீச்சென்று சத்தம். அக்கா துப்பட்டாவைத் தோளுக்கு ஏற்றிவிட்டுக் கையை நீட்டுகிறாள்.

*

ஏப்ரல் மாதத்து ஞாயிறு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். மாடியில் பெரிய ஹால் இருக்கிறது. ஹீமோஃபீலியா சங்கத்தினர் கூட்டத்துக்குக் கேட்டு வாங்கியது கீழே உள்ள சின்ன ஹால். அண்ணாச்சி காலையிலேயே வந்து வாசற்படியின் உயரத்தைப் பார்த்துவிட்டு, அதன் முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறார்.

சுவரில் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டைகள். ஏப்ரல் 17, ஃபிராங்க் ஷ்னாபெல் பிறந்தநாள். மாண்ட்ரியல் நகரத்து வியாபாரி. அவருக்கும் இதே குறை. 1963இல் உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பைத் தொடங்கினார். 1989 முதல் அந்த நாள் உலக ஹீமோஃபீலியா நாள். இன்னோர் அட்டையில்: 1983, இந்திய ஹீமோஃபீலியா கூட்டமைப்பு. "கூட்டமைப்பு" என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போய், மேலே சின்னதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வழக்கத்தைவிட அதிக இடைவெளி. அங்கே கால்கள் நீண்டு கிடக்கின்றன. வழியில் போகிறவர்கள் ஒரு காலையும் இடறுவதில்லை.

பிசியோதெரபி தம்பி துண்டைச் சுருட்டி ஒருவரின் முழங்காலுக்கு அடியில் வைக்கிறார். "அழுத்துங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க." ஹால் முழுக்க எண்ணுகிறது.

ஓரமாக ஒரு மேசை. மாற்றுத்திறனாளி அட்டைக்கான விண்ணப்பங்கள் நிரப்பப்படுகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோஃபீலியா உண்டு. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு, வேலை ஒதுக்கீடு. அந்த வரிசையில் இந்தப் பெயர் இல்லை. ஊன்றுகோல் இளைஞன் பி.காம். முடித்தவன். விண்ணப்பத்தில் எந்த வகை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. ரத்தக் குறையா, கால் ஊனமா? மேசைக்காரர் யோசிக்கிறார். இரண்டையும் எழுதச் சொல்கிறார். சங்கத்திலிருந்து மனு ஒன்று சென்னைக்குப் போகப்போகிறது. அதிலும் கையெழுத்துக் கேட்கிறார். இளைஞன் போடுகிறான். பக்கத்திலிருக்கும் அவன் அப்பாவும் போடுகிறார்.

டாக்டர் பேசுகிறார். நரம்பில் ஏற்றாமல் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் பற்றி. வாரம் ஒன்றோ, மாதம் ஒன்றோ போதும். ஃபேக்டர் போடப்போட அதையே உடம்பு எதிர்க்க ஆரம்பித்த பிள்ளைகளுக்கும் அது வேலை செய்கிறது. முன்வரிசையில் ஓர் அம்மா தன் மகனின் தலையைத் தடவுகிறாள். அவன் அவர்களில் ஒருவன். பிறகு வேலூர். சிஎம்சியில் மரபணு சிகிச்சை பெற்ற ஐந்து ஆண்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவுகள். சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த மாதங்களில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு இல்லை. இன்னும் ஆராய்ச்சிதான், பெரியவர்களுக்கு மட்டும்தான் என்று டாக்டர் இரண்டு முறை சொல்கிறார்.

"ஒண்ணுகூட இல்லையா டாக்டர்?"

"ஒண்ணுகூட இல்ல."

ஹெல்மெட் குழந்தையின் அப்பா ஐந்து என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். தாள் அவரிடம் இல்லை.

*

சாப்பாட்டுக்கு முன்னால் ஊசிப் பயிற்சி. ஜன்னலோர மேசை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது. பஞ்சு, ஸ்பிரிட், ரப்பர் பட்டை, பட்டர்ஃபிளை ஊசிகள், பயன்படுத்திய ஊசிகளுக்கு ஒரு டப்பா. ஆஸ்பத்திரி சிஸ்டர் விடுமுறை நாள் சேலையில் நிற்கிறாள்.

வீட்டில் போடத் தெரிந்தால் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். குறுகுறுப்பு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால் குழிகள் மறைவதில்லை.

சிறுவனின் அம்மா போன கூட்டத்தில் அப்பாவின் கையில் பழகிவிட்டாள். கொத்தனார் கை. நரம்புகள் புடைத்து வெளியே தெரியும். இரண்டு முறையும் முதல் குத்திலேயே கிடைத்தது. இன்றைக்கு அண்ணாச்சி உட்கார்கிறார்.

"காலையில இருந்து கணுக்கால் பிடிக்கி. எப்படியும் எனக்கு 1000 யூனிட் போட்டாகணும். நீயே போடு தாயி."

அவள் சேலை முந்தானையில் கை துடைக்கிறாள். கையுறை மாட்டுகிறாள். பொடியில் தண்ணீரை இறக்குகிறாள். சுழற்றுகிறாள். கரைந்ததை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறாள். தெளிவு.

அண்ணாச்சியின் இடது கையில் பட்டையைக் கட்டுகிறாள். ஐம்பது வருடம் குத்திய கை. முழங்கை மடிப்பில் தோல் பழைய தோற்பையைப் போலக் கெட்டித்திருக்கிறது. குனிந்து பார்க்கிறாள். இன்னும் குனிகிறாள்.

"கண்ணால தேடாத," என்கிறாள் சிஸ்டர்.

அவள் கண்ணை எடுக்கிறாள். ஆள்காட்டி விரலால் அழுத்தி விடுகிறாள். தள்ளி அழுத்தி விடுகிறாள். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. குத்துகிறாள். குழாயில் ரத்தம் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம். ஏறவில்லை.

அவள் முகம் சிவக்கிறது. ஊசியை எடுக்கிறாள். அண்ணாச்சி பஞ்சை வாங்கித் தானே அழுத்திக்கொள்கிறார். அழுத்தியபடியே அவள் மகனின் படிப்பை விசாரிக்கிறார். கணக்கு எப்படி? எந்த வாத்தியார்? அவள் பதில் சொல்கிறாள். ஐந்து நிமிடம் போகிறது. பஞ்சை எடுத்துப் பார்க்கிறார். நின்றிருக்கிறது.

"புறங்கையில பாரு. அங்க ஒருத்தன் உண்டு. லேசுல அம்புட மாட்டான்."

சிறுவன் மேசை விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முழங்காலில் குழிகள் திரும்பியிருக்கின்றன. ஹாலின் பேச்சு பக்கத்து வரிசைகளில் ஒவ்வொன்றாக நிற்கிறது. இயற்பியல் புத்தகப் பெண்ணும் எழுந்து வந்து நிற்கிறாள்.

விரல் தேடுகிறது. நிற்கிறது. மறுபடி அழுத்திப் பார்க்கிறது. ஊசியின் சாய்ந்த முனை மேலே. அவள் மூச்சை விடுகிறாள். குத்துகிறாள்.

குழாயில் சிவப்பு ஓடி வருகிறது.

"பட்டையை அவுத்து விடு," என்கிறாள் சிஸ்டர். அவிழ்க்கிறாள். பிஸ்டனை மெல்லத் தள்ளுகிறாள். கடைசித் துளிவரை யாரும் பேசவில்லை. ஊசி டப்பாவுக்குள் விழுகிறது. அப்பா பின்னால் நின்று அவள் நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றுகிறார்.

அவள் குப்பியின் லேபிளை உரிக்கிறாள். பழக்கத்தில் கை கட்டைப்பைக்குள் போகிறது. மகனின் நோட்டு வெளியே வருகிறது.

"அது என் கணக்குல்லா," என்று சிரித்துக்கொண்டே அண்ணாச்சி தன் நோட்டை நீட்டுகிறார். தடித்த காலிகோ அட்டை. அவள் லேபிளை அதில் ஒட்டுகிறாள். தேதி எழுதுகிறாள். இடது கணுக்கால். 1000 யூனிட். கடைசிக் கட்டத்தில் பேனாவைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

"உன் பேரைப் போடு."

போடுகிறாள். இனிஷியலோடு.

ஊன்றுகோல் இளைஞன் மேசைக்கு வந்துவிட்டான். அவனுக்கும் இன்று ஊசி நாள். சட்டைக் கையை மேலே மடிக்கிறான். ஹெல்மெட் குழந்தையின் அம்மா முன்னால் வருகிறாள். கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. அவன் தோலைப் பஞ்சால் துடைத்த கையோடு ஊசியை எடுக்கப் போகிறாள். சிறுவனின் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"ஸ்பிரிட் காயட்டும் மதினி. ஈரத்தோட குத்துனா தம்பிக்கு எரியும்."